வண்டி தாழலாம், ஆர்ம் சாயக் கூடாது

1967 முதல் 1972 வரை செவர்லே செய்த சி10 பிக்கப்பைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், பின்பக்கம் சற்றுத் தூக்கலாக நிற்பது தெரியும். சுமை ஏற்றினால் மட்டத்துக்கு வரட்டும் என்று தொழிற்சாலையிலேயே அப்படி வைத்தார்கள். தீவன மூட்டையும் மரச்சட்டமும் சுமந்த வண்டிகள் இன்று அமெரிக்காவில் ஆசைக்கு வைத்துக்கொள்ளும் வண்டிகளாகிவிட்டன. சுமையே ஏறாத வண்டிக்குத் தூக்கல் எதற்கு? முன்னால் 4 அங்குலம், பின்னால் 6 அங்குலம் இறக்கிவிடுகிறார்கள். அங்கே இதற்கு ‘ஃபோர்-சிக்ஸ் டிராப்’ என்று பெயர். இறக்கிய வண்டி கண்ணுக்கு அழகாகவே இருக்கிறது, அதில் சண்டை இல்லை. அதை ஓட்டும்போதுதான் பிரச்சினை. குண்டு குழியில் ஸ்டீயரிங் தானாக இழுக்கிறது, டயரின் உள்விளிம்பு வெகுசீக்கிரம் மொட்டையாகிறது, வேகத்தடை ஒவ்வொன்றும் முதுகெலும்பில் ஏறுகிறது.

பின்பக்கத்தை இறக்குவது ஒப்பீட்டில் எளிது. சி10-இன் பின் ஆக்ஸில் ஒரே முழுத் துண்டு. இரண்டு நீளமான டிரெய்லிங் ஆர்ம்களும் காயில் ஸ்பிரிங்குகளும் அதைத் தாங்குகின்றன. (இந்த டிரெய்லிங் ஆர்ம் அமைப்பைத்தான் அமெரிக்க நாஸ்கார் பந்தயக் கார்கள் எடுத்துக்கொண்டு, 2022-இல் புது வகைக் கார் வரும்வரை பல பத்தாண்டுகள் ஓட்டின. சரக்கு வண்டியின் பாகத்துக்கு இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் கிடைக்காது.) ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி, ஆக்ஸில் இடிக்காதபடி சேசிஸில் ஒரு வளைவு வெட்டி, பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேன்ஹார்டு ராடைச் சரிசெய்துவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது. முன்சக்கரம் அப்படியில்லை. அது மேலும் கீழும் போக வேண்டும், திரும்ப வேண்டும், இரண்டையும் செய்துகொண்டே ரோட்டில் நேராக நிற்கவும் வேண்டும்.

முதலில் பாகங்களைப் பார்த்துவிடுவோம். செவர்லே 1960-இல் இந்த வரிசையை டார்ஷன் பாருடன் கொண்டுவந்தது, 1963-இல் காயில் ஸ்பிரிங்குக்கு மாறியது. சக்கரத்தை நக்கிள் தாங்குகிறது. நக்கிளை மேலே ஒரு குட்டை ஆர்மும் கீழே ஒரு நெட்டை ஆர்மும் பால் ஜாயின்ட் வழியாகப் பிடித்திருக்கின்றன. ஆர்ம்களின் உள்முனைகள் சேசிஸ் பக்கம் புஷ்களில் அசைகின்றன. ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நக்கிளைத் திருப்புவது டை ராடு. மேல் ஆர்மின் குறுக்குத் தண்டுக்குப் பின்னால் செருகும் மெல்லிய தகடுகள் ஷிம்கள். அலைன்மென்ட்காரர் இவற்றைக் கூட்டிக் குறைத்துத்தான் கேம்பரும் (சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு, உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ்) காஸ்டரும் (அது பிறகு வரும்) வைக்கிறார்.

ஆர்மின் நுனி நேர்கோட்டில் ஏறி இறங்காது. கீலில் ஆடும் கதவு போல வட்டத்தில்தான் போகும். மேல் ஆர்ம் 10 அங்குலம், கீழ் ஆர்ம் 16 அங்குலம், இரண்டும் தரைக்கு இணையாக இருக்கின்றன என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சக்கரம் 1 அங்குலம் ஏறினால் மேல் ஆர்மின் நுனி 0.05 அங்குலம் உள்ளே இழுபடும், கீழ் ஆர்மின் நுனி 0.03 அங்குலம் இழுபடும். வித்தியாசம் 0.02 அங்குலம். இரண்டு பால் ஜாயின்ட்டுக்கும் இடையே 8 அங்குல உயரம் என்றால், சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்வது ஏறக்குறைய எட்டில் ஒரு டிகிரிதான். யாருக்கும் தெரியாது.

இப்போது குட்டை ஸ்பிரிங் போட்டு வண்டியை 3 அங்குலம் இறக்குங்கள். சேசிஸ் கீழே வந்துவிட்டது, சக்கரம் ரோட்டிலேயே நிற்கிறது. அதனால் இரண்டு ஆர்ம்களின் வெளிமுனைகளும் 3 அங்குலம் மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டன. அந்த நிலையில் சக்கரம் இன்னும் 1 அங்குலம் ஏறினால் மேல் ஆர்ம் 0.37 அங்குலம் இழுபடும், கீழ் ஆர்ம் 0.22 அங்குலம் இழுபடும். வித்தியாசம் 0.15. முன்பு எட்டில் ஒரு டிகிரி சாய்ந்த சக்கரம் இப்போது அதே 1 அங்குலத்துக்கு முழுசாக ஒரு டிகிரி சாய்கிறது. ஸ்பிரிங்கை வைத்தே 4 அங்குலம் இறக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே 2 டிகிரிக்கு மேல் நெகட்டிவ் கேம்பர் வந்துவிடும். டயரின் உள்விளிம்பு தேய்வதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஷிம் மாற்றி கேம்பரை நேராக்கிவிடலாமே என்று தோன்றும். ஷிம்முக்கு இடம் இருக்கும்வரை ஆக்கலாம். அதிகம் இறக்கிய வண்டியில் அந்த இடம் சீக்கிரமே தீர்ந்துபோகும். தீராவிட்டாலும், ஷிம் சரிசெய்வது வண்டி நிற்கும்போதுள்ள கேம்பரை மட்டும்தான். ஆர்ம்கள் தங்கள் வட்டத்தின் சாய்வான பகுதியில் வேலை செய்வதை எந்த ஷிம்மும் மாற்றாது. வண்டி ஆடும்போதெல்லாம் சக்கரம் அளவுக்கு மீறித் தலையாட்டிக்கொண்டே இருக்கும்.

ஆர்ம் சாய்வதால் வரும் அடுத்த கெடுதல் உடனே கண்ணில் படாது. மேல் ஆர்மின் கோட்டையும் கீழ் ஆர்மின் கோட்டையும் நீட்டினால் இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும். அங்கிருந்து டயர் ரோட்டைத் தொடும் இடத்துக்கு ஒரு கோடு போட்டால், அது வண்டியின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிதான் ரோல் சென்டர். வளைவில் வண்டியின் உடம்பு இந்தப் புள்ளியைச் சுற்றித்தான் சாயும். எடை மையத்துக்கும் இதற்கும் இடைவெளி கூடினால் சாய்வும் கூடும். ஸ்பிரிங்கை வைத்து இறக்கினால் எடை மையம் 3 அங்குலம் இறங்கும்போது ரோல் சென்டர் பொதுவாக அதைவிட அதிகமாக இறங்கிவிடும். இடைவெளி கூடியதால் வண்டி வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். அதை மறைக்க ஸ்பிரிங்கை விறைப்பாக்குகிறார்கள். அப்புறம் சவாரி மரக்கட்டையாகிவிடுகிறது.

இத்தனைக்கும் வழி ஒன்றுதான். வண்டி தாழட்டும், ஆர்ம்கள் தொழிற்சாலை வைத்த சாய்விலேயே இருக்கட்டும். அப்படியானால் உயரத்தை வேறெங்கிருந்து குறைப்பது?

நக்கிளிலிருந்து. சக்கரம் சுழலும் ஸ்டப் ஆக்ஸில் நக்கிளில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் துருத்திக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் இரண்டரை அங்குலம் மேலே ஏற்றி வார்த்த நக்கிளை ‘டிராப் ஸ்பிண்டில்’ என்ற பெயரில் விற்கிறார்கள். பால் ஜாயின்ட்கள் பழைய இடத்தில், ஆர்ம்கள் பழைய சாய்வில், ஸ்பிரிங் பழைய நீளத்தில். சக்கரம் மட்டும் வண்டியைப் பொறுத்து இரண்டரை அங்குலம் மேலே போய்விட்டது, ஆகவே வண்டி அந்த அளவுக்குக் கீழே வந்துவிட்டது. சஸ்பென்ஷனுக்கு வண்டி இறங்கிய சங்கதியே தெரியாது. கேம்பர் மாறும் விதம் முன்பு போலவே இருக்கும். ரோல் சென்டரும் எடை மையத்தைவிடக் குறைவாகவே இறங்கும் என்பதால் வளைவில் சாய்வு கூடாது, குறையத்தான் செய்யும். பம்ப் ஸ்டாப்புக்கு முன் ஆர்ம் ஆட வேண்டிய இடமும் முழுசாக மிஞ்சும்.

இந்தக் கடைசி விஷயத்தை மக்கள் அலட்சியம் செய்கிறார்கள். பம்ப் ஸ்டாப் என்பது ஆர்ம் இரும்போடு இரும்பாக மோதாமல் இருக்க வைத்த ரப்பர். குட்டை ஸ்பிரிங் போட்ட வண்டியில் ஆர்ம் எந்நேரமும் அந்த ரப்பருக்குப் பக்கத்தில் நிற்கிறது. சின்னப் பள்ளத்திலும் போய் மோதும். மோதிய நொடியில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாத மாதிரிதான். வளைவில் நடந்தால் வெளிப்பக்க முன்டயர் பிடிப்பை இழந்து வண்டி நேராக ஓடப் பார்க்கும். ரப்பரைப் பாதியாக அறுத்துவிட்டால் போதும் என்பது பட்டறை வைத்தியம். அளவோடு இறக்கிய வண்டிக்கு அதுவே சரிப்படும், ஆனால் நக்கிளை விட்டுவிட்டு ஸ்பிரிங்கிலேயே 4 அங்குலம் இறக்கியவருக்கு அது உதவாது.

டிராப் ஸ்பிண்டிலிலும் பார்த்து வாங்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. டை ராடு பூட்டும் ஸ்டீயரிங் ஆர்ம், பால் ஜாயின்ட்டைப் பொறுத்து பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். ஸ்டப் ஆக்ஸிலோடு சேர்ந்து அதுவும் மேலே போயிருந்தால் வாங்கிய பயனில் பாதி போச்சு. ஏன் என்பது கொஞ்சம் கழித்து வரும். இரண்டாவது, வீல் அளவு. சக்கரம் மேலேறிவிட்டதால் கீழ் பால் ஜாயின்ட்டும் டை ராடு முனையும் ரிம்மின் உள்விளிம்பை நெருங்கிவிடும். அதனால்தான் இந்த ஸ்பிண்டில்களுக்கு 15 அங்குல வீலாவது வேண்டும் என்கிறார்கள். வீலை மாட்டி இரு பக்கமும் முழு ஸ்டீயரிங் ஒடித்து, எங்கும் உரசவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே ரோட்டில் இறக்க வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. இரண்டு முன்ரிம்களின் அடிவிளிம்புகளையும் தொடும்படி ஒரு நூல் கட்டுங்கள். சேசிஸிலோ ஆர்மிலோ எதுவும் அந்த நூலுக்குக் கீழே தொங்கக் கூடாது. டயர் வெடித்து ரிம்மில் ஓடும் நிலை வந்தால், கீழே தொங்கும் இரும்புதான் முதலில் ரோட்டைக் கிழிக்கும்.

இரண்டரை அங்குலம் நக்கிளில் கிடைத்துவிட்டது. 4 வேண்டும் என்றால் மீதி ஒன்றரையை ஸ்பிரிங்கில் எடுக்கலாம். ஆர்ம் கொஞ்சம்தான் சாயும், ஷிம்மில் அடங்கிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது ஆர்மின் நுனியில் அல்ல, நடுப்பகுதியில். ஆகவே ஸ்பிரிங்கில் 1 அங்குலம் குறைந்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 2 அங்குலம் குறையும். ‘சும்மா ஒரு சுற்று வெட்டினேன்’ என்பவர்களின் வண்டி எதிர்பார்த்ததைவிட ஏன் தரையோடு ஒட்டுகிறது என்பதற்கு விடை இதுதான்.

ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றி நிறையப் பயமுறுத்தல் உலவுகிறது. வெட்டுவதே பாவம் என்றில்லை. சுற்றுகள் குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும். வேலை செய்யும் சுற்று பத்தில் ஒன்றை எடுத்தால் விறைப்பு சுமார் 11 சதவீதம் கூடும், குறைந்த இடத்தில் ஆடப்போகும் வண்டிக்கு அது தேவையும்கூட. அரைக்கும் டிஸ்கால், சூடேறாமல் அறுத்து, அறுத்த முனை தன் இருக்கையில் சரியாக உட்கார்ந்தால் போதும். கேஸ் டார்ச்சால் சூடுகாட்டி ஸ்பிரிங்கை ‘உட்கார வைப்பது’ வேறு கதை. சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். இடதும் வலதும் ஒரே அளவில் உட்காராது, உட்கார்ந்ததும் அங்கேயே நிற்காது. அதை வேலை என்று யார் சொன்னாலும் வண்டியை அங்கே விடாதீர்கள்.

ஆர்ம்களையே மாற்றுவதும் உண்டு. புது ஆர்ம் வாங்குபவர் பார்க்க வேண்டியது அதன் வளைவையோ பூச்சையோ அல்ல. இரும்பு எப்படி வளைந்து போனாலும், கணக்கில் வருவது உள் புஷ்ஷின் மையத்திலிருந்து பால் ஜாயின்ட்டின் மையத்துக்குப் போடும் கற்பனைக் கோடு மட்டுமே. ஸ்பிரிங் இருக்கையை ஆழமாக்கி மட்டும் உயரத்தைக் குறைத்த கீழ் ஆர்ம், குட்டை ஸ்பிரிங் செய்யும் அத்தனை கெடுதலையும் அப்படியே செய்யும். நல்ல ஆர்மில் பால் ஜாயின்ட்டின் இடமும் கோணமும் புது உயரத்துக்கேற்ப மாற்றப்பட்டிருக்கும். கோணம் மாறாவிட்டால் வண்டி இறங்கிய நிலையில் பால் ஜாயின்ட் தன் ஆட்டத்தின் எல்லைக்குப் பக்கத்திலேயே நிற்கும், பள்ளத்தில் முட்டி, நாளடைவில் முறியவும் கூடும்.

மேல் ஆர்ம் மாற்றுவதில் இன்னொரு லாபம் காஸ்டர். நக்கிளின் மேல் பால் ஜாயின்ட் கீழ் பால் ஜாயின்ட்டைவிடப் பின்னால் தள்ளியிருப்பதுதான் பாசிட்டிவ் காஸ்டர். ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவதற்கும் வேகத்தில் வண்டி அலையாமல் போவதற்கும் அதுவே காரணம். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியும் அந்தக் கால டயரும் என்பதால் அன்று காஸ்டரைக் குறைவாகவே வைத்தார்கள், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் திருப்பத் தோள் வலிக்கும். இன்று பவர் ஸ்டீயரிங்கும் ரேடியல் டயரும் போட்ட வண்டி 3 முதல் 5 டிகிரி வரை தாராளமாகத் தாங்கும். ஃபோர்-சிக்ஸ் டிராப் இதில் தானாகவே கொஞ்சம் தருகிறது. குட்டைப் படுகை சி10-இன் வீல்பேஸ் 115 அங்குலம். பின்பக்கம் முன்பக்கத்தைவிட 2 அங்குலம் அதிகமாக இறங்கினால் சேசிஸ் முழுவதும் கிட்டத்தட்ட சரியாக 1 டிகிரி பின்னால் சாய்கிறது, அந்த 1 டிகிரி அப்படியே காஸ்டரில் சேர்ந்துவிடும். 127 அங்குல நீளப் படுகை வண்டியில் கொஞ்சம் குறைவு. முன்பக்கத்தை மட்டும் இறக்கிப் பின்பக்கத்தை அப்படியே விடுபவருக்கு இதே கணக்கு எதிர்ப்பக்கம் வேலை செய்யும். வேகத்தில் வண்டி ஏன் மிதக்கிறது என்று ஸ்டீயரிங் பாக்ஸைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

இனி டை ராடு. அதுவும் ஒரு வட்டத்தில்தான் ஆடுகிறது. அதன் வட்டமும் ஆர்ம்களின் வட்டமும் ஒத்துப்போனால் சக்கரம் ஏறி இறங்கும்போது நேராகவே பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் ஸ்டீயரிங்கை யாரும் தொடாமலே சக்கரம் திரும்பும். இதுதான் பம்ப் ஸ்டீயர். ஸ்டீயரிங் ஆர்ம் பால் ஜாயின்ட்டைப் பொறுத்து இடம் மாறக் கூடாது என்று சொன்னது இதற்காகத்தான்.

இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. முன்பக்கத்தை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, ஸ்பிரிங்கை முறைப்படி அமுக்கிக் கழற்றுங்கள் (அமுங்கிய காயில் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும், பழகியவர் கையில் விடுவது நல்லது). ஷாக் அப்சார்பரையும் எடுத்துவிடுங்கள். ஸ்டீயரிங்கை நடுவில் அசையாமல் கட்டுங்கள். கீழ் ஆர்மை ஜாக்கியால் வண்டி ஓடும் உயரத்துக்குத் தூக்கி, ஹப்பில் ஒரு தட்டையான பலகையை நட்டு போட்டு இறுக்குங்கள். பலகைக்கு எதிரே, ஒரே உயரத்தில், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு கம்பிகளைத் தரையில் நட்டு, பலகை எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று இரண்டு இடத்திலும் அளந்து எழுதுங்கள். ஜாக்கியை 1 அங்குலம் ஏற்றி மறுபடி அளங்கள், பிறகு 2, பிறகு 3. அதே போல் கீழேயும். இரண்டு அளவுகளும் சேர்ந்தே மாறினால் கவலையில்லை. ஒன்று கூடி மற்றது குறைந்தால் சக்கரம் திரும்புகிறது.

எழுதிய எண்களே நோயைச் சொல்லிவிடும். ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது எதிர்ப்பக்கமும் திரும்பினால் டை ராடு முனையின் உயரம் தவறு. வெளிமுனையில் ஸ்பேசர் வைத்தோ, சரியான ஸ்டீயரிங் ஆர்ம் மாட்டியோ திருத்தலாம். ஏறினாலும் இறங்கினாலும் ஒரே பக்கம் திரும்பினால் டை ராடின் நீளம் தவறு, அதாவது அதன் உள்முனை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ரேக் ஸ்டீயரிங் மாட்டியவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம், ரேக்கின் அகலம் அவர்கள் வண்டிக்கென்று அளவெடுத்ததாக இருக்காது.

ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எஃப்-100 பிக்கப்பில் 1965 முதல் வந்த ட்வின் ஐ-பீமில் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு நீள உத்திரம், அது எதிர்ப்பக்கம் போய் மாட்டியிருக்கும். ஸ்பிரிங்கைக் குறைத்தால் உத்திரத்தோடு சக்கரமும் அப்படியே சாயும். சரிக்கட்ட ஷிம் இல்லாததால், ஸ்டப் ஆக்ஸிலை மேலேற்றிச் செய்த உத்திரம்தான் மருந்து. 1947-இல் வந்த செவர்லே பிக்கப் போன்ற அதற்கும் முந்தைய வண்டிகளில் முன்னால் ஒரே முழு ஆக்ஸிலும் பட்டை ஸ்பிரிங்கும்தான். இரண்டு சக்கரமும் ஒரே ஆக்ஸிலில் இருப்பதால் இறக்கினாலும் கேம்பர் மாறாது. டிராக் லிங்கின் சாய்வையும் காஸ்டரையும் கவனித்தால் போதும். பலர் அதற்கும் பொறுமையின்றி முன்பக்கத்தை அறுத்து, 1974-இல் வந்த ஃபோர்டு மஸ்டாங் 2-இன் சஸ்பென்ஷனைப் போல் செய்த குறுக்குச் சட்டத்தை வெல்டு வைக்கிறார்கள். அது நன்றாக ஓடுவதும் ஓடாததும் வெல்டு வைத்தவர் கையிலும் அவர் அளந்த அளவிலும் இருக்கிறது.

சி10-க்கு வருவோம். எல்லாம் மாட்டிய பிறகு வண்டியைக் கொஞ்ச நாள் ஓட்டவிட்டு, ஸ்பிரிங்கும் புஷ்ஷும் உட்கார்ந்ததும் அலைன்மென்ட் வையுங்கள். புஷ்களின் நட்டுகளை வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். தெருவில் ஓட்டும் வண்டிக்கு கேம்பர் சுழியிலிருந்து மைனஸ் அரை டிகிரி, இரு பக்கமும் சமமாக 3 முதல் 5 டிகிரி காஸ்டர், மொத்தத்தில் 1/16 முதல் 1/8 அங்குலம் டோ-இன் (முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கிச் சற்றுத் திரும்பியிருப்பது) வைத்தால் நல்ல தொடக்கம். அலைன்மென்ட் கடையின் கம்ப்யூட்டரில் 1970-ஆம் வருடத்துத் தொழிற்சாலை அளவு இருந்தால் அதை வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது வேறு டயருக்கும் வேறு உயரத்துக்கும் எழுதியது.

ஓரிரு மாதம் ஓட்டிய பின் முன்டயரின் பட்டன்கள் மேல் உள்ளங்கையைக் குறுக்காக, உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் ரம்பப் பல்லாக உறுத்தினால் டோ தவறு. சொரசொரப்பே இல்லாமல் உள்விளிம்பு மட்டும் வழுவழுவென்று இறங்கியிருந்தால் கேம்பர். டோ என்றால் அரைமணி வேலை. கேம்பரைச் சரிக்கட்ட ஷிம்முக்கும் இடம் இல்லையென்றால், இறக்கிய உயரத்தில் ஸ்பிரிங்கின் பங்கு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், அதில் ஒரு அங்குலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.